ரேஷன் கார்டில் ஏழாவது பெயர்

போன வாரம் எனக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் வந்தது. அனுப்பியது இங்குள்ள மாநில அரசு. நான் போதுமான அளவு ஏழையாகவே இருக்கிறேன் என்றும், ஆகவே மானிய விலை மருத்துவக் காப்பீடு இந்த ஆண்டும் தொடரும் என்றும் எழுதி, தலைப்பில் 'வாழ்த்துகள்' என்று ஆச்சரியக்குறியோடு அச்சிட்டிருந்தார்கள். நம் ஊரில் ஏழை என்று சான்று வாங்கப் பத்து நடை நடக்க வேண்டும். அப்போதும் அதிகாரி நம் கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். அமெரிக்காவில் வீடு தேடி வந்து பாராட்டுகிறார்கள்.

நான் இங்கே வந்தது ஓர் இந்திய உணவகத்தில் சமையல் வேலைக்கு. சமையல் என்பது கொஞ்சம் மிகை. வெங்காயம் உரிப்பது, கோழி வெட்டுவது, அண்டா தேய்ப்பது. முதல்முறை காப்பீட்டுக்குப் பதியப் போனபோது, லிண்டா என்ற அலுவலர் நான்கு வண்ணப் புத்தகங்களை என் முன் பரப்பினார். நான்கு திட்டங்கள், பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றில் மாதச் சந்தா குறைவு, ஆனால் டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் 'கோபே' என்று தனியாக அழ வேண்டும். இன்னொன்றில் 'டிடக்டிபிள்' என்று ஒரு தொகை. அதுவரை நம் கைக்காசு, அது கரைந்த பிறகுதான் காப்பீடு வந்து எட்டிப்பார்க்கும். கல்யாண வேலையெல்லாம் முடிந்தபின் பந்திக்கு வந்து உட்காரும் பெரியப்பா ஒருவர் எனக்கு உண்டு. அவரை நினைத்துக்கொண்டதும் டிடக்டிபிள் விளங்கிவிட்டது. விளங்காதது வேறு. கண்ணுக்குத் தனிக் காப்பீடாம், பல்லுக்கும் தனியாம். "பல்லும் என் உடம்பில்தானே இருக்கிறது?" என்றேன். லிண்டா என் வாயை உற்றுப் பார்த்து, "வலிக்கிறதா?" என்று அக்கறையோடு கேட்டார்.

அடுத்து, "உங்கள் ஹவுஸ்ஹோல்டில் எத்தனை பேர்?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. ஏழு என்றேன். அம்மா, செல்வம் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது. லிண்டா என் முகவரியைத் திரும்பப் படித்தார். அது ஒற்றை அறை. குரலைத் தாழ்த்தி, "இது வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றார். மற்ற ஆறு பேரும் இந்தியாவில், செய்யூர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னதும் அவருக்கு மூச்சு வந்தது. ஆறு பேரையும் ரப்பரால் அழித்துவிட்டு 1 என்று எழுதினார். "உங்கள் குடும்பத்தில் நீங்கள் மட்டும்தான்" என்றார், நல்ல சேதி சொல்வது போல. நானும் நன்றி சொன்னேன்.

2009 ஐப்பசியில் விடுப்பில் ஊருக்குப் போனேன். செல்வம் அண்ணன் சவுக்குக்கட்டை லோடு அடிக்கும் வண்டி ஓட்டுபவர். வாசலில் இருந்து தெருக்குழாய் வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். இதய வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அரசின் புதிய காப்பீட்டு அட்டை இருந்தால் சென்னையில் தனியார் மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். வண்ணப் புத்தகம் இல்லை, டிடக்டிபிள் இல்லை. ஒரே திட்டம். ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டால் போதும். அம்மாவும் நானும் போய்க் கேட்டபோது, அந்தச் சான்றைத்தான் வி.ஏ.ஓ. தர மாட்டேன் என்றார்.

"தம்பி அமெரிக்காவுல கீறாரு. உங்களுக்கு இன்னாத்துக்கு ஏழை சர்ட்டிபிகேட்டு? அந்தக் கார் போட்டோவ நானே பாத்தேனே."

அந்தப் படம் நான் அனுப்பியதுதான். சிவப்புக் காரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டி, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியிருந்தாள். வேறு வழி இல்லை, அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னேன். "சார், அது மொதலாளி காரு. நான் கழுவிட்டு சாஞ்சிகினு எடுத்தது." அம்மா தரையைப் பார்த்தாள். இங்கே கார் முன்னால் படம் எடுத்து ஊருக்கு அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கார் யாருடையது என்று பின்பக்கம் எழுதி அனுப்புங்கள்.

என் பையில் அந்த ஆண்டின் வாழ்த்துக் கடிதமும் இருந்தது. நான் ஏழை என்பதற்கு அமெரிக்க அரசே தந்த அத்தாட்சி. எடுத்து நீட்டினேன். வி.ஏ.ஓ. பொறுமையாகப் படித்தார். டாலரில் போட்டிருந்த வருமானத்தைக் கால்குலேட்டரில் ரூபாய் ஆக்கினார், கண்ணாடியைக் கழற்றினார். "அந்தூர்ல நீ ஏழைதான், இல்லேன்னு சொல்லல. இந்தூர்ல நீ பெரிய ஆளு." பிறகு அவரே இறங்கி வந்தார். "கார்டுல உன் பேரு கீற வரிக்கும் உன் வருமானமும் இந்தக் குடும்பத்து வருமானந்தான். பேர அடிச்சிகினு வா. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

வீட்டில் அம்மா கார்டை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. "உங்கப்பா போனப்பதான் இதுல ஒரு பேர அடிச்சாங்க. உசுரோட கீற புள்ள பேர அடிக்கச் சொல்றாரு அவுரு." அண்ணன், "வுடுமா, வோணாம். கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாப் பூடுது" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. லிண்டா ஆறு பேரை அழித்தபோது நன்றி சொன்னவன் நான். அம்மா ஒரே ஒரு பெயருக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறாள்.

மறுநாள் அம்மா குளிக்கப் போன நேரத்தில் கார்டை எடுத்துக்கொண்டு செய்யூர் தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். பெயர் நீக்கும் படிவத்தில் காரணங்கள் மூன்றுதான்: இறப்பு, திருமணம், இடமாற்றம். இடமாற்றத்தில் டிக் அடித்தேன். எழுத்தர் என் பெயர் மேல் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராகவே வந்தது. மானியம் இல்லாமல் நான் கட்டிய ஒரே பிரீமியம் அதுதான். கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா அந்தக் கோட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாள்.

அரசுப் பள்ளியில் படம் எடுக்கும் முகாம். வி.ஏ.ஓ. சொன்ன சொல் காப்பாற்றியிருந்தார், சான்று கையில் இருந்தது. என் குடும்பம் சுவரோரம் நின்றது. நான் கேமராக்காரருக்குப் பின்னால் நின்றேன்.

"அம்மா, அண்ணன் பக்கம் நெருங்கி நில்லுங்க. நடுவுல எடம் வுட்டுகினு நிக்கிறீங்களே" என்றார் கேமராக்காரர்.

"அது அப்படியே இருக்கட்டும்."

"ஆறு பேர்தானேம்மா கார்டுல கீது?"

"நீ எடுப்பா."

எடுத்தார். அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறார். அந்தக் காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார், எதற்கு என்று எழுதவில்லை.

வாழ்த்துக் கடிதத்தோடு வழக்கமான படிவமும் வந்திருக்கிறது. 'உங்கள் ஹவுஸ்ஹோல்டில் இந்த ஆண்டு ஏதேனும் மாற்றம் உண்டா?' இல்லை என்று டிக் அடித்தேன். எத்தனை பேர் என்ற கட்டத்தில் லிண்டா சொல்லிக் கொடுத்தபடி 1 என்று எழுதினேன். ஜெராக்ஸ் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஆறு முகமும் கறுப்பாக அப்பிக்கொண்டு, யார் யாரென்று தெரியவில்லை. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே, ஓர் ஆள் அகலத்துக்குப் பள்ளிக்கூடத்துச் சுவர் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.