சீனி போடாத காப்பி

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் கணவர் மாரடைப்பில் இறந்தபின் எனக்கு அழுகைகூட வரவில்லை. ஜெபமாலையை விரல்கள் மட்டும் உருட்டின.

எங்கள் கோயில் பங்கில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். என் முறை வந்தபோது, எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று பக்கத்து வீட்டில் கூடிவிட்டார்கள். சுவருக்கு அப்பால் பாட்டுக் கேட்டது. நானும் செத்துவிட்டதாகத் தோன்றியது. அதுவும் வலிக்கவில்லை.

மறுவாரம், அன்பியத்தை நடத்தும் ரெஜினா அக்கா கதவைத் தட்டினார். “ஏளா, இன்னைக்கு ஒன் வீட்டுலதான் கூட்டம். பாயை விரி.”

விரித்தேன். ஜெபம் முடிந்ததும் காப்பி கொடுத்தேன். “என்னளா, சீனியே போடல!” என்று அக்கா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். எல்லோரும் என்னிடம் பார்த்துப் பார்த்துப் பேசிய அத்தனை நாளில், என்னைத் திட்டிய முதல் ஆள் அவர்தான். எழுந்துபோய்ச் சீனி எடுத்து வந்தேன்.

இப்போது துக்க வீட்டின் முறையைத் தாண்டிப்போக நான் விடுவதில்லை. முதல் ஆளாகப் போய்ப் பாயை நானே விரிப்பேன். காப்பி மட்டும் அந்த வீட்டார்தான் போட வேண்டும்.