சேர்த்து வைத்த பேச்சு

எங்கள் வீட்டு மூத்தவள் வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசினால், அலமாரியில் இருக்கும் அகராதி தன்னைத்தானே புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். சரி, இதில் முக்கால் பங்கு என் கைச்சரக்கு. மீதிக் கால் பங்கு நிஜம். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவள், வெளிநாட்டுப் பள்ளி ஒன்றின் நேர்காணலுக்குக் கணினி முன்னால் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து, வேலையோடுதான் எழுந்தாள். அப்போது அவள் கணவன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு ஐந்து வயது. வாண்டு என்று எல்லாரும் கூப்பிடும் அந்தக் குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். போய்க் காலூன்றியதும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு.

முதல் நாள் வகுப்பு வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே இருக்கும் இருபத்திரண்டு பேரும் எழுந்து வணக்கம் சொன்னால் உள்ளே போகலாம் என்று காத்திருந்தாள். பத்து வருஷப் பழக்கம். அங்கே யாரும் எழுவதில்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி, பாவம் கதவு சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து, வந்து அதை இன்னும் அகலமாகத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆசிரியர் அறையில் கொக்கிகளில் வரிசையாகக் கோப்பைகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. தெரியாமல் ஒன்றை எடுத்துத் தேநீர் குடித்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அந்தக் கோப்பையில் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, சாப்பாடு நன்றாக அமையவில்லையா என்று பரிவோடு விசாரித்தார்.

அந்த அறையில் தமிழ் பேச ஒரே ஒருவர்தான், கணக்கு டீச்சர். வந்து எட்டு வருஷம் ஆனவர்.

"கப்புக்கெல்லாம் முகத்தத் தூக்கி வச்சுக்காதீங்க. நான் வந்த புதுசுல ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியிலயே போய் உக்காந்துட்டேன். அந்தம்மா நின்னுக்கிட்டே மீட்டிங்க நடத்தி முடிச்சாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"எங்க சொன்னாங்க? சொல்லியிருந்தா அன்னிக்கே எழுந்திருப்பேன். நாலு மீட்டிங் உக்காந்திருந்தேன்."

சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். வாரம் முழுக்க இயந்திரங்கள் ஓடித் தரை அதிரும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். அந்த அமைதிதான் அவளுக்கு ஆகாது. "எங்க போய் ஒளிஞ்ச?" என்று சாவிக்கொத்தை அதட்டுவாள். பேசுவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

மாலை ஆறு மணிக்கு வாண்டுவோடு போன். அரைமணி நேரம். அந்த அரைமணிக்காகத்தான் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் அவள் தள்ளினாள்.

"அம்மா, பல்லி வால விட்டுட்டு ஓடிருச்சு."

"எங்கடி?"

"சித்தப்பா செருப்புல. சித்தப்பா கத்துனாரு. பல்லி கத்தவே இல்ல."

மூன்றாவது மாதம் தலைமையாசிரியை கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் அந்தப் பள்ளியிலேயே இடம் உண்டு. இடம் கிடைத்தால்தான் குழந்தையை அழைத்து வர அனுமதியும் கிடைக்கும். ஆனால் குழந்தை கணினி முன்னால் உட்கார்ந்து, இங்கிலீஷில் கேட்கும் கேள்விகளுக்குப் பத்து நிமிஷம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து மாதம் இருந்தது. தவறினால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

"இதென்ன பெரிய விஷயம்?" என்றார் கணக்கு டீச்சர். "வீட்லயே வாத்தியார வச்சுக்கிட்டு. போன்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பிடிச்சுக்கும்."

"அவ நிறைய கதை சொல்லுவாளே."

"கதை எங்க ஓடிடப் போகுது? வந்ததும் உக்காத்தி வச்சுக் கேட்டுக்குங்க."

அன்று மாலையே பாடம் தொடங்கியது. வாண்டு "அம்மா, இன்னைக்கு..." என்று ஆரம்பித்தால், "இங்கிலீஷ்ல சொல்லு கண்ணு" என்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு மேசை, நாற்காலி, மழை, நாய் என்று ஒவ்வொன்றாக வரும். குழந்தைக்கு எதற்கெல்லாம் இங்கிலீஷ் தெரியுமோ அதெல்லாம் மட்டுமே அம்மாவுக்குத் தெரிய வந்தது. முன்பல் விழுந்த கதை வரவில்லை. பக்கத்து வீட்டுத் தோழியோடு சண்டை போட்டது வரவில்லை. பல் விழுந்ததைப் பத்து நாள் கழித்துத் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, ஆறு மணி, அதான் உன் போன் வர்ற நேரம் ஆனா, இது தலை வாரிக்கிட்டு, நோட்டை மடியில வச்சுக்கிட்டு, விறைப்பா உக்காந்துக்குது. ஒரு நாளைக்காவது சும்மா பேசேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இன்னும் மூணு மாசம்தான். எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன். வந்ததும் மொத்தமா பேசிக்கிறேன்."

சேர்த்துத்தான் வைத்தாள். சாவிக்கொத்தை அதட்டியது, கதவைத் திறந்துவிட்ட பெண், கணக்கு டீச்சர் உட்கார்ந்த நாற்காலி, எல்லாவற்றையும் வாண்டுவிடம் எப்படிச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பேருந்தில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு மாலை போன் செய்து, வழக்கம்போல எப்படி இருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஐ அம் வெரி வெல், தேங்க் யூ. அண்ட் ஹவ் ஆர் யூ?"

தட்டுத் தடுமாற்றம் இல்லை. மூத்தவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உச்சரிப்பு கூடச் சுத்தம். உடனே பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"ஏய், போனை வச்சிட்டுப் படு. அக்கா, காலைல இருந்து நூத்தி மூணு காய்ச்சல். வாந்தி வேற. உன்கிட்ட பேசணும்னு எழுந்து உக்காந்திருக்கு."

தான் சந்தோஷப்பட்ட அந்த ஒரு நொடியை மூத்தவள் பிறகு எத்தனையோ வருஷம் சுமந்தாள். அன்று, "கண்ணு, எங்கடி வலிக்குது?" என்று தமிழில் கேட்டாள். மறுபடி கேட்டாள். குழந்தை யோசித்து யோசித்து, தலை, கை, வயிறு என்று உடம்பின் பாகங்களை இங்கிலீஷில் வரிசையாகச் சொல்லி முடித்தது. நோட்டில் ஏழாவது பாடம் அது.

அப்போதே அவள் நிறுத்தியிருக்கலாம். இரண்டே வாரம்தான் என்று கணக்குப் போட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் மாலை எட்டாவது பாடம் நடந்தது.

தேர்வில் வாண்டு தேறியது. கேட்டதற்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில். இவ்வளவு அடக்கமான குழந்தையைப் பார்த்ததே இல்லை என்று தலைமையாசிரியை பாராட்டினார். சித்தப்பா கத்தினார், பல்லி கத்தவே இல்லை என்று கதை அளந்த குழந்தையா அடக்கம் என்று மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

அடுத்த மாதம் விமானப் பணிப்பெண் கையைப் பிடித்துக்கொண்டு வாண்டு வந்து இறங்கியது. மூத்தவள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்க் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கதவு திறந்ததுதான் தாமதம், வாண்டு பணிப்பெண்ணின் கையை உதறிவிட்டு, அம்மா என்று அலறிக்கொண்டு, பெட்டி வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் ஓடுபாதையில் கிளம்பிய விமானம் ஒன்று நின்று திரும்பிப் பார்த்ததாம்.

இந்த இடம் வரை படித்துக் காட்டியபோது, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வாண்டு, இப்போது கல்லூரியில் படிக்கிறவள், தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"விமானம் திரும்பிப் பாத்தது இருந்துட்டுப் போகட்டும். நான் ஓடல. அம்மா குனிஞ்சு ரெண்டு கையையும் நீட்டுனாங்க. நான் ரெண்டடி தள்ளி நின்னு, பையைக் கீழ வச்சிட்டு, நோட்டை எடுத்துப் பிரிச்சேன். ஏதாவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். அவங்க ஒண்ணுமே கேக்கல."