பாதியாக வெட்டப்பட்ட எள்ளுருண்டைகள்

சனிக்கிழமை மாலை மகளின் பேட்மிண்டன் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தேன். காலையில் நான் வைத்தனுப்பிய ஆறு எள்ளுருண்டைகளும் அதில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் கத்தியால் சரிபாதியாக வெட்டப்பட்டு, வெட்டிய பக்கம் மேலே தெரிய வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. ஒரு துண்டில்கூடப் பல் பட்ட அடையாளம் இல்லை.

"யாரும்மா இத வெட்டுனது?"

"நான்தான்."

"எதுல வெட்டுன?"

"கத்திலதான்மா."

"விளையாடப் போன எடத்துல உனக்கு ஏது கத்தி?"

அவள் குனிந்து காலுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு காலுறையைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. நான் பல் மருத்துவ நிலையத்தில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். இனிப்பு சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டால், கேள்வி முடிவதற்குள் இல்லை என்று தலையாட்டும் பிள்ளைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வாயைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேகமாக வரும் பதிலை நான் நம்புவதில்லை.

டப்பா கட்டிக் கொடுக்கத் தொடங்கியது அதற்கு முந்தின வருடம். ஒரு போட்டியில் அவள் பொரித்த சோசேஜையும் சிவப்பு சிராப் தண்ணீரையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது ஆட்டத்தின் நடுவே வாந்தி எடுத்தாள். பேட்மிண்டன் போட்டி என்றால் முழுநாள் வேலை. இருபது நிமிடம் ஆடுவார்கள், இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் கண்டதையும் தின்பது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையிலேயே கொண்டைக்கடலையை ஊறப்போடுவேன். சுண்டலில் தேங்காய் சேர்க்க மாட்டேன், வெக்கையில் ஊசிப்போகும். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலோடு அவிப்பேன், அப்போதுதான் பையில் நசுங்காது. எள்ளை வறுத்து, வெல்லத்துக்குப் பதில் பேரீச்சம்பழம் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பேன்.

சனிக்கிழமை எனக்குப் பகல் இரண்டு மணிவரை வேலை. கணவருக்கு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஷிப்ட். எனவே சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வாசலிலிருந்து கோச் தன் வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். அங்கே என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னை அரித்தது.

ஏனென்றால் உருண்டைகளுக்கு முன்பே வேறு சில சங்கதிகள் நடந்திருந்தன. ஒரு மாதமாக டப்பா கழுவித் துடைக்கப்பட்டு வந்தது. குடித்த கிளாஸைக்கூட எடுத்து வைக்காத பெண் டப்பா கழுவுவாளா? ஒருநாள் அவள் விரல்களை முகர்ந்து பார்த்தேன். சோயா சாஸ் வாசனை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சைவம். கவிச்சி எதையோ தின்கிறாள், என் சுண்டல் குப்பைக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன்.

கோச்சுக்குப் போன் செய்தேன்.

"பிள்ளைங்க அங்க என்ன சார் சாப்பிடுறாங்க?"

"எல்லாம் ஓக்கேலா அக்கா. நல்லாத்தான் சாப்பிடுறாங்க."

அதுவும் வேகமாக வந்த பதில். அவர்மீதும் சந்தேகம் வந்தது. வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உருண்டைய வெட்டுனதுக்கெல்லாமா விசாரணை வைப்ப? விடு," என்றார். இவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் விடுப்பு. நிலையம் மூடியிருந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. வழக்கம்போல டப்பா கட்டிக் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து காரை எடுத்தேன். போட்டி சுங்கை பாக்காப் பக்கம் ஒரு மண்டபத்தில். தீவிலிருந்து பாலத்தைக் கடந்து போகும்போது, அவளைக் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மண்டபத்தில் பார்வையாளர் படிக்கட்டில் மேலே ஏறினேன். நான்காவது வரிசையில் ஒரு சீனப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் மடியில் என் டப்பா. கையில் சிறு பழக்கத்தி. என் உருண்டை ஒன்றை வெட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகளும், அதே வயதில் குட்டை முடி வைத்த இன்னொரு பெண்ணும்.

என்னைப் பார்த்ததும் மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"அது என் டப்பா," என்றேன் மலாயில். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

அவர் எழுந்து நின்றார். "நீங்கதான் இவ அம்மாவா? நல்லவேளை வந்தீங்க. இதுக்குள்ள நிலக்கடலை போட்டிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளைக்கு நான் கட்டிக் கொடுத்ததைக் கேட்க இவர் யார்? ஆனால் போட்டிருந்தேன். போன வாரம் எள் குறைவாக இருந்ததால் கொஞ்சம் நிலக்கடலையை வறுத்துச் சேர்த்தேன். மீந்திருந்ததை இந்த வாரமும் சேர்த்தேன்.

"போட்டிருக்கேன். ஏன்?"

அவர் தன் கைப்பையைத் திறந்து, பேனா மாதிரி இருந்த ஊசிமருந்து ஒன்றைக் காட்டினார். தன் மகளுக்கு நிலக்கடலை ஆகாது என்றார். நான்கு வயதில் ஒரே ஒரு பிஸ்கட் தின்று, முகம் வீங்கி, மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டாளாம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிப் பழகியவர்கள். பிறகு டப்பாவை மாற்றிச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். முதலில் அவர் விடவில்லை. உருண்டையில் எள்ளும் பேரீச்சம்பழமும்தான் என்று என் மகள் உறுதியாகச் சொன்ன பிறகும், ஒவ்வொன்றையும் வெட்டி, தான் தின்று பார்த்த பின்புதான் கொடுத்திருக்கிறார்.

"போன வாரம் வெட்டுனப்ப வேற மாதிரி தெரிஞ்சுச்சு. எல்லாத்தையும் வெட்டிப் பாத்து அப்படியே வச்சிட்டேன். உங்களுக்கு ஒரு சீட்டும் எழுதி டப்பாவுல வச்சேனே, கெடைக்கலையா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"டப்பாவக் கழுவுனதும் நீங்கதானா?"

"அம்மா வேலைக்குப் போறாங்கன்னு சொன்னா. திருப்பிக் குடுக்கும்போது அழுக்காவா குடுக்கிறது?" என்றவர், தன் பாத்திரத்தைத் திறந்து நீட்டினார். உள்ளே, பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த சிறிய பாவ் ரொட்டிகள். "சனிக்கிழமை இறைச்சி கூடாது, முட்டையும் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டா. அதனால காளான்தான் வைக்கிறேன்."

அந்த இடத்தில் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஒரு பாவை எடுத்துப் பிய்த்து, உள்ளே இருப்பதை விரலால் கிளறிப் பார்த்தேன். "மாவுல என்ன எண்ணெய் ஊத்துனீங்க?" என்றும் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. என்ன எண்ணெய் என்று சொல்லிவிட்டு, "நானா இருந்தாலும் கேப்பேன்," என்றார். காளானில் சோயா சாஸும் மிளகும் ஏறியிருந்தன. நன்றாக இருந்தது.

திரும்பும்போது மகளை என் காரிலேயே ஏற்றிக்கொண்டேன். பாலம் வந்ததும் கேட்டேன்.

"சீட்டை என்ன செஞ்ச?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஆகாதும்மா. இன்னைக்கு நான்தான் ஆன்ட்டிகிட்டக் குடுத்து, அம்மா என்ன சேத்தாங்கன்னு எனக்குத் தெரியாது, நீங்க வெட்டிப் பாருங்கன்னு சொன்னேன்."

"அவங்ககிட்டச் சொல்லத் தெரியுது. என்கிட்டச் சொல்ல என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னா நீ நிப்பாட்டிருவ. போன வருஷம் என் பிரெண்டு குடுத்த கேக்க, யார் செஞ்சது, எங்க வாங்குனதுன்னு கேட்டுக் கேட்டுக் கடைசில குப்பையில போட்டல்ல? அவ என்கிட்ட நல்லா இருந்துச்சான்னு கேட்டா. நான் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

அந்தக் கேக் எனக்கு நினைவில்கூட இல்லை. அவளுக்கு இருந்தது. பொய் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கத் தேவையில்லை. என் கேள்விகளுக்குத் தப்பிக்க அவளே வழி கண்டுபிடித்திருந்தாள். சீட்டைக் கிழித்தது பெரிய தப்பு என்று அழுத்திச் சொன்னேன். தலையாட்டினாள், பிறகு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. முன்னால் லாரி போய்க்கொண்டிருந்ததால் சாலையையே பார்த்தபடி ஓட்டினேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த அம்மாவும் நானும் போனில் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. நாளைய டப்பாவில் என்ன, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான். ஒருமுறை அவர் எழுதியதில் ஒரு பெயர் புரியாமல், பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அடுத்த வாரம் என் பெருங்காயத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற மாதம் போட்டி முடிந்து வந்த மகள், நான் ஒன்றும் கேட்காமலேயே, "மா, இன்னைக்கு மோட்டார்ல வந்தவர்கிட்ட ரொட்டி ஐஸ்கிரீம் வாங்கித் தின்னேன்," என்றாள். யார் வாங்கிக் கொடுத்தது, எத்தனை தின்றாய், ஆட்டத்துக்கு முன்பா பின்பா என்று நாக்கின் நுனியில் கேள்விகள் வந்து நின்றன.

"நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுமார்தான்லா," என்றாள்.