பூட்டாத வாடகை வீடு

ஆலங்காயத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாடகை வீடு ஒற்றை அறைதான். சன்னலைத் திறந்தால் வாணியம்பாடி பஸ்ஸின் புகை நேராகச் சோற்றுப் பானைக்கே வரும். ஆனாலும் அந்த அறைமேல் எனக்கு இன்றைக்கும் ஆசை. எண்பதுகளின் தொடக்கம் அது. மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து தினமும் இறங்கிவர ஜீப் ஏது? அந்த அறை இல்லையென்றால் டீச்சர் வேலையை விட்டுவிட்டு மலையேற வேண்டியதுதான்.

தலைமையாசிரியை சொன்னார் என்று வீட்டுக்காரர் ஊர்பேர் கேட்காமல் கொடுத்துவிட்டார். ஒரு நாள் அப்பா பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து நின்றார். அன்றிலிருந்து வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மலை ஆளுங்கன்னு சொல்லவே இல்லியே" என்றார்.

கேட்டால்தானே சொல்வதற்கு!

பொங்கலுக்கு மலைக்குப் போனேன். எங்கள் பக்கம் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. மூங்கில் படலைச் சாத்தினால் போதும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கதவில் பெரிய பூட்டு. என் பானை, பாய், சாமை மூட்டை எல்லாம் வேப்பமரத்தடியில் கிடந்தன.

"பூட்டாம போனா இன்னா அர்த்தம்? காலி பண்ணிட்டன்னு நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர், கூசாமல்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேராகத் தலைமையாசிரியை வீட்டுக்கு நடந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு என்னோடு வந்தார்.

"கோர்ட்டு உத்தரவு எங்கங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். "குடியிருக்கிறவங்கள நீங்களா வெளிய தள்ள சட்டத்துல எடம் இல்லீங்க. மலை ஆளுன்னு தள்ளுனீங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, தாசில்தாருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்து வந்து திறந்தார். மூட்டையை நானே உள்ளே தூக்கி வைத்தேன். அப்பாடா என்று இருந்தது. மறுநாளே சந்தையில் பூட்டு ஒன்று வாங்கினேன். நடந்ததை அப்பாவுக்கும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க அப்பா வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறார். என்னை மறுபடி துரத்திவிட்டார்கள் என்று நினைத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் மலையேறிப் போய்விட்டார். லீவில் போய், அது என் பூட்டுதான் என்று சத்தியம் செய்தேன்.

"இருக்கட்டும்மா. என்னப் பாத்துத்தான நீ மலை ஆளுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது" என்றார்.

மூன்று வருஷம் அந்த அறையில் இருந்தேன். அப்பா அப்புறம் வரவே இல்லை.