மைக்கில் கேட்ட மன்னிப்பு

செமஸ்டர் தேர்வு நெருங்கியதும் எங்கள் கல்லூரியில் ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்து எங்களை அழவைப்பார்கள். அதற்குப் பெயர் மோட்டிவேஷன். கண்ணை மூடச் சொல்வார், சோகமாக ஒரு இசையைப் போடுவார், அம்மா பட்ட பாட்டை நினைக்கச் சொல்வார். நிறைய பேர் தேம்பினால் நிகழ்ச்சி அமோகம் என்று பேராசிரியர்கள் பேசிக்கொள்வார்கள். அழுதால் பாடம் மண்டையில் ஏறும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் வருடம் அந்தக் கூட்டத்தில் என் தோழி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். அவளுக்குக் கணக்கில் ஒரு அரியர் இருந்தது. படிக்காமல் வந்ததல்ல. கேள்வித்தாளை வாங்கியதும் கை நடுங்கும், தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். வீட்டில் சொல்லவில்லை. "ஃபெயிலானா அன்னைக்கே படிப்பு கட்" என்று சேர்க்கும்போதே அவள் அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். கட்டிக்கொடுக்க அத்தை மகனும் தயாராக இருந்தான்.

அதனால் நானே வைத்தியம் பார்த்தேன். அந்தக் கூட்டத்துக்கு முன்பிருந்தே தினமும் சாயங்காலம் கிரிவலப் பாதை ஓரத்தில் அவளை உட்காரவைத்து, பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தேர்வு அறை சார் மாதிரி முதுகுக்குப் பின்னால் நடப்பேன். வேண்டுமென்றே கனைப்பேன். "தள்ளிப் போடி, பயமா இருக்கு" என்பாள். மலையைச் சுற்றி வருகிற ஜனங்கள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். மெல்ல மெல்ல நடுக்கம் குறைந்தது. ஒருநாள் முழுத்தாளையும் எழுதி முடித்துவிட்டு, "இந்த வாட்டி பாஸ் தாண்டி" என்றாள். எனக்கே பாஸான மாதிரி இருந்தது.

கூட்டத்தன்று பேச்சாளர் புதிதாக ஒன்று செய்தார். "அரியர் இருக்கிறவங்க எழுந்திருங்க" என்றார். யாரும் எழவில்லை. எங்கள் துறைத்தலைவர் விரலை நீட்டி என் தோழியைக் காட்டிக்கொடுத்தார். அவளை மேடைக்கு ஏற்றினார்கள்.

"அப்பாவுக்கு போன் போடும்மா. ஸ்பீக்கர்ல போட்டு மன்னிப்புக் கேளு. பாரம் இறங்கிடும், அப்புறம் படிப்பு தானா வரும்."

"வேணாங்க சார். நானே வீட்ல சொல்லிக்கிறேன்."

"பாத்தீங்களா? பெத்தவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கவே ஈகோ தடுக்குது!"

அரங்கம் சிரித்தது. நான் எழுந்து, "சார், வேணாம் சார்" என்று கத்தினேன். வகுப்பு மேடம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

போன் போட்டாள். அந்த ஆள் மைக்கை போன் பக்கத்தில் பிடித்தார். "அப்பா, கணக்குல ஃபெயிலாயிட்டேன். மன்னிச்சுடுங்கப்பா." "ஐயா, மொத்தக் காலேஜும் கேட்டுட்டிருக்குங்க" என்றார் பேச்சாளர்.

"சரிம்மா. அழாத. வீட்டுக்கு வா" என்றார் அப்பா, அவ்வளவு பாசமாக.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பேச்சாளர் கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் அவள் கை நடுங்கியதை ஒருத்தரும் பார்க்கவில்லை. இதையெல்லாம் வீடியோ எடுத்துத்தான் பேராசிரியர்கள் அன்றைக்கு ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

மறுநாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே மறித்து, "படிச்சது போதும்னுட்டாரும்மா. நீ கெளம்பு" என்றார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. கல்லூரிக்கு ஓடி வந்து துறைத்தலைவரிடம் சொன்னேன்.

"அது அவங்க குடும்ப விஷயம்மா. நாம தலையிடக்கூடாது" என்றார்.

மைக் வைத்து ஊருக்கே கேட்கவைத்தபோது மட்டும் அது குடும்ப விஷயம் இல்லையா? கேட்டேன். வெளியே போகச் சொன்னார்.

தேர்வு அன்றைக்கு எனக்கு முன்னால் அவள் இடம் காலி. எங்கள் துறை சார் ஒருவர்தான் அறை மேற்பார்வைக்கு வந்திருந்தார். காலி பெஞ்சைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "அவ்ளோ பெரிய ஆளக் கூட்டியாந்து பேச வெச்சோம். அப்பவும் சில பேருக்கு மோட்டிவேஷனே வர்றதில்ல."

எழுந்து நின்றேன். "அவ எல்லாத்தையும் படிச்சு வெச்சிருந்தா சார்."

"உக்காரு, டைம் போவுது" என்றார்.