கிணற்றின் அடிமண்

குஞ்சம்மாள் களையெடுக்கப் போவாள். கிணற்றில் குடம் விழுந்தால் முங்கி எடுத்தும் கொடுப்பாள். வரதராஜன்பேட்டை வட்டாரத்தில் அந்த வேலைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

1944 பங்குனியில் பள்ளிக்கூடத்து டீச்சர் பாத்திமா மேரி அவளைத் தேடி வந்து, முங்குவதற்குக் கற்றுத்தரச் சொன்னாள். முந்தின மழைக்காலத்தில் மாணவி ஒருத்தி கிணற்றில் தவறி விழுந்தாள். ஆட்கள் வந்து தூக்கும்வரை டீச்சரால் மேலே நின்று கத்தத்தான் முடிந்தது.

பதினைந்து நாளில் டீச்சருக்கு நீச்சல் வந்துவிட்டது. முங்கினால் மட்டும் பாதியில் காது வலித்துத் திரும்பிவிடுவாள்.

"அடியில போயி ஒரு கை மண்ணு அள்ளிட்டு வாங்க டீச்சரம்மா. அதோட பாடம் முடிஞ்சிது" என்றாள் குஞ்சம்மாள்.

மறுநாள் டீச்சர் முங்கி எழுந்து கையை விரித்தாள். குஞ்சம்மாள் அந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது செவப்பா இருக்கு. பக்கத்துச் செவுத்துல சொரண்டுனது. அடியில கருப்புச் சேறுதான் கெடக்கு."

பார்த்து எழுதும் பிள்ளைகளை எத்தனையோ முறை பிடித்தவள் டீச்சர். கையிலிருந்த மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டாள்.

"பயமா இருந்துச்சு குஞ்சம்மா."

"எனக்கும் இருக்கும். பயந்துகிட்டேதான் போறேன். மூக்கப் புடிச்சிக்கிட்டு உள்ளாறயே ஊதுங்க, காது வலிக்காது."

இருவரும் சேர்ந்து முங்கினார்கள். மூன்றாவது தடவை டீச்சரின் நகக்கண்ணெல்லாம் கருத்திருந்தது. குஞ்சம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் கரையேறி, சேலையைப் பிழிந்தாள்.

அந்தக் கோடையில் இன்னும் நான்கு பெண்கள் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். களை வேலை இல்லாத நாட்களிலும் குஞ்சம்மாள் வீட்டில் உலை கொதித்தது.