சகலை காலில் ஏறிய அட்டை

மாஞ்சோலைக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஏரியைப் பார்க்க அனுமதி வாங்கி, நானும் மனைவியும் அவளுடைய அக்கா கணவரும் நடந்து போனோம். சகலை மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். வழியெல்லாம் இவள் அவரிடமேதான் பேசினாள். "அத்தான், இது என்ன மரம்? அங்கன என்ன சத்தம்?" அவரும் என்னைப் போல எட்டாவதைத் தாண்டாதவர்தான். ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். எனக்கோ எந்தச் சத்தம் கேட்டாலும் யானையோ என்றிருந்தது.

அட்டைக்குப் பயந்து மேலப்பாளையத்தில் பீடிப் புகையிலைத்தூள் வாங்கி, முழங்கால் வரை தேய்த்திருந்தேன். மிச்சம் பொட்டலமாகச் சட்டைப்பையில் இருந்தது.

"என்னவே, பீடிக்கடையையே காலுல கட்டிட்டு வந்திருக்கீரு?" என்றார் சகலை. இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏரிக்கரையில் அவர் இவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கெண்டைக்காலில் அட்டை ஏறுவதைப் பார்த்தேன். சொல்லவில்லை. நன்றாகக் குடிக்கட்டும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரத்தத்தை இவள்தான் முதலில் கண்டாள். "ஐயோ அத்தான்!" என்று கத்தி, என் பையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"நல்லவேளை, இவுக கொண்டாந்தாக" என்றாள். அன்றைக்கு என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதையும் அவரிடம்தான் சொன்னாள்.